பக்கத்து வீட்டில் துப்பாக்கி, அப்பா சிறை சென்று வந்தவர்: என் மகளை அங்கே விளையாட அனுப்பலாமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருப்பது இது. அவருடைய ஒன்பது வயது மகள் பள்ளி விட்டதும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் தோழி வீட்டுக்கு விளையாடப் போவாள். தோழியின் அப்பா பல ஆண்டுகளுக்கு முன் போதைப்பொருள் விற்ற வழக்கில் சிறை சென்று திரும்பியவர். இப்போது வேலை, குடும்பம் என்று அமைதியாக இருக்கிறார், யாரிடமும் வம்புக்குப் போவதில்லை. போன வாரம் மகள் வந்து, "அவங்க அப்பா ரூம்ல அலமாரி மேல துப்பாக்கி இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள். தோழியின் அம்மாவிடம் பட்டும் படாமலும் விசாரித்ததற்கு, அது தன் பெயரில் வாங்கியது என்று பதில் வந்திருக்கிறது. அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா, பூட்டி வைக்கச் சட்டம் உண்டா, நான் என்ன செய்யட்டும் என்பவை அவர் கேள்விகள். கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: எங்கள் பாதுகாப்புக்கு நாங்களும் ஒன்று வாங்கலாமா?

என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று முதல் மகளை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நட்பை முறிக்கத் தேவையில்லை. அந்தக் குழந்தையை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். ஒன்பது வயதுக் குழந்தை பார்த்துச் சொல்லும் இடத்தில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்றால், அது எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அது ஒன்றே போதும். மீதி எல்லாம் நிதானமாகப் பேசலாம்.

இப்போது சட்டம். தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை 1938-ல் தொடங்கியது. அப்போது வன்முறைக் குற்றவாளிகளுக்கு மட்டும். 1961-ல் அதை எல்லா ஃபெலனிகளுக்கும், அதாவது பெருங்குற்றங்களுக்கும், விரித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில்தான் இன்றைய வடிவம் அமைந்தது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க இடமுள்ள ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். உண்மையில் எத்தனை நாள் சிறையில் இருந்தார் என்பது கணக்கில் வராது, எவ்வளவு விதித்திருக்க முடியும் என்பதுதான் அளவுகோல். ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தவரும் இதில் அடங்குவார். மாநிலங்கள் சிறு குற்றம் என்று வகைப்படுத்துபவற்றில் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுக்குள் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. துப்பாக்கியே இல்லாமல் மேசை இழுப்பறையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் வழக்குப் போடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

தண்டனை முன்பு அதிகபட்சம் 10 ஆண்டுகள். 2022 ஜூன் மாதம் வந்த சட்டம் அதை 15 ஆண்டுகளாக உயர்த்தியது. ஏற்கெனவே மூன்று வன்முறை வழக்குகளிலோ பெரிய போதைப்பொருள் வழக்குகளிலோ தண்டனை பெற்றவர் என்றால் குறைந்தபட்சமே 15 ஆண்டுகள், நீதிபதி மனம் இரங்கினாலும் குறைக்க வழியில்லை.

இந்தத் தடை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துமா என்ற சண்டை நீதிமன்றங்களில் இன்னும் ஓயவில்லை. 1995-ல் உணவு உதவி பெறப் பொய்யான தகவல் தந்து தண்டிக்கப்பட்ட பென்சில்வேனியாக்காரர் ஒருவர், கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் தனக்குத் துப்பாக்கி உரிமை இல்லையா என்று வழக்குத் தொடுத்தார். அந்தப் பகுதிக்கான மூன்றாவது சுற்று (சில மாநிலங்களைச் சேர்த்த நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் அவர் பக்கம் நின்றது. மிச்சிகன் ஆறாவது சுற்றில் வருகிறது. அந்த நீதிமன்றம் 2024-ல் தடை செல்லும் என்றது. தான் ஆபத்தானவர் இல்லை என்று காட்ட ஒருவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சேர்த்துக் கொண்டது. ஆனால் போதைப்பொருள் விற்பனையை ஆபத்தான குற்றங்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வாசல் ரொம்பக் குறுகலானது. மிச்சிகன் மாநிலச் சட்டப்படியும், இந்த வகைக் குற்றத்துக்குத் தண்டனை முழுதும் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அதன் பிறகு முறைப்படி உரிமையைத் திரும்பப் பெற்றிருக்கவும் வேண்டும். மாநிலம் திருப்பித் தந்துவிட்டால் கூட்டாட்சித் தடையும் தானாகப் போய்விடும் என்று எண்ணக் கூடாது. அவருடைய தீர்ப்பு, விடுதலை ஆவணங்களை வைத்துக்கொண்டு ஒரு குற்றவியல் வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சரி, "என் பெயரில் வாங்கியது" என்ற பதிலுக்கு வருவோம். மனைவி மேல் எந்த வழக்கும் இல்லையென்றால் அவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். தண்டனை பெற்றவரோடு ஒரே வீட்டில் வாழ்வதால் அவருடைய உரிமை போய்விடாது. ஆனால் சட்டம் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. கையில் எடுக்காவிட்டாலும், நினைத்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையும் அதைத் தன் ஆளுகையில் வைத்திருக்கும் எண்ணமும் இருந்தால் அதுவும் வைத்திருப்பதுதான். கணவன் மனைவி இருவரும் படுக்கும் அறையில், பூட்டில்லாத அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் துப்பாக்கியை "மனைவியுடையது" என்று ஜூரிகளை நம்ப வைப்பது லேசான காரியம் இல்லை. எண்ணத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், உண்மைதான். அதற்கு அவருடைய கைரேகை, கைப்பேசியில் ஒரு படம், குழந்தை சொன்ன ஒரு வாக்கியம் போதுமானதாக ஆகிவிடுகிறது. "அப்பா ரூம்ல" என்று உங்கள் மகள் சொன்ன அதே வாக்கியம்.

மனைவிக்கும் ஆபத்து உண்டு. கணவருக்காக அவர் வாங்கித் தந்திருந்தால் அது பினாமிக் கொள்முதல். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேரடியாகக் கேட்பார்கள். அங்கே பொய் சொல்வதே தனிக் குற்றம். 2022-க்குப் பிறகு பினாமியாக வாங்குவதற்கென்றே 15 ஆண்டு வரை தண்டனை உண்டு. தன் பாதுகாப்புக்கென்று உண்மையாகவே வாங்கியிருந்தாலும், அதைக் கணவர் கைக்கு எட்டும்படி வைத்தால் உடந்தை என்று சேர்க்கப்படலாம். அவர் சட்டப்படி வைத்திருக்க ஒரே வழி, தனக்கு மட்டும் திறக்கத் தெரிந்த பெட்டியில் வைப்பது. சாவி கணவருக்குத் தெரிந்த கொக்கியில் தொங்கக் கூடாது, எண்பூட்டின் எண் கல்யாண நாளாக இருக்கக் கூடாது.

இனி பூட்டு பற்றிய சட்டம். துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. 2005-ல் வந்த ஒரு சட்டம், உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே ஒரு பூட்டும் தர வேண்டும் என்கிறது. வாங்கியவர் அதை மாட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் மாநிலங்களின் கையில். குழந்தை கையில் கிடைக்கும்படி விட்டால் பெரியவர் பொறுப்பு என்று முதலில் சட்டம் போட்டது ஃபுளோரிடா, 1989-ல். மிச்சிகனுக்கு 2023 வரை ஆயிற்று. 2021 நவம்பர் 30 அன்று அந்த மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் நான்கு சக மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். கொலைக் கருவி, நான்கு நாள் முன்பு அப்பா வாங்கி வந்த கைத்துப்பாக்கி. அவனுடைய பெற்றோர் ஜேம்ஸ், ஜெனிஃபர் கிரம்ப்ளி இருவரும் 2024-ல் தனித்தனி ஜூரிகளால் குற்றவாளிகள் என முடிவு செய்யப்பட்டு, தலா 10 முதல் 15 ஆண்டு தண்டனை பெற்றார்கள். பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் மீது உயிரிழப்புக் குற்றம் நிரூபிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

மிச்சிகனின் பூட்டுச் சட்டம் 2024 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும், அல்லது வர வாய்ப்புள்ள இடத்தில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டு மாட்ட வேண்டும். "வர வாய்ப்புள்ள" என்பதைக் கவனியுங்கள், உங்கள் மகள் அதில்தான் வருகிறாள். பூட்டாமல் விட்டு, குழந்தை எடுத்து, அதனால் ஒருவர் காயப்பட்டால் 5 ஆண்டு வரை சிறை. உடல் உறுப்பு பெரிதாகப் பாதிக்கப்பட்டால் 10. உயிர் போனால் 15. பெரியவர் உடனிருந்து வேட்டைக்கோ இலக்குப் பயிற்சிக்கோ பிள்ளைகள் பயன்படுத்துவதற்கு விலக்கு இருக்கிறது.

சட்டம் வந்த மறுநாளே, பிப்ரவரி 14 அன்று, ஃபிளின்ட் நகரில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வீட்டில் பூட்டாமல் தோட்டாவோடு கிடந்த துப்பாக்கியை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொண்டது. உயிர் பிழைத்தது, ஆனால் படுகாயம். அந்தத் தந்தைதான் புதிய சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கப்பட்ட முதல் ஆள். அவரும் முன்பே தண்டனை பெற்றவர், துப்பாக்கியைத் தொடவே கூடாதவர். அவர் மேல் சுமத்தப்பட்ட ஒன்பது குற்றச்சாட்டுகளில் பூட்டாமல் வைத்தது ஒன்று, தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று, தோட்டா வைத்திருந்தது இன்னொன்று, குழந்தை மீதான வன்கொடுமை மற்றொன்று. நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளும் அங்கே ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்ந்துவிட்டன.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தடை உள்ளவர் வீட்டுத் துப்பாக்கிக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. சட்டப்படி வைத்திருப்பவர் வெளிப்படையாகக் கடைக்குப் போய் இரும்புப் பெட்டி வாங்குவார், போலீஸ் நிலையத்தில் இலவசப் பூட்டுக் கேட்பார், குழந்தை மருத்துவர் "வீட்டில் துப்பாக்கி உண்டா" என்று கேட்டால் ஆமாம் என்பார். தடை உள்ளவர் இவற்றில் எதையும் செய்யத் துணிய மாட்டார். பெட்டி வாங்கினால் அதுவே தடயம். அதனால் ஒளித்து வைப்பார்: மெத்தைக்கு அடியில், சோபா இடுக்கில், துணிக்குவியலுக்குள், அலமாரி மேல்தட்டில். போலீஸ் கண்ணுக்கு மறைப்பதும் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பதும் வேறு வேறு. வீட்டை மூலை முடுக்கெல்லாம் துழாவுவது குழந்தைகள்தான்.

இதே ஃபிளின்ட்டுக்குப் பக்கத்தில், மவுன்ட் மோரிஸ் டவுன்ஷிப்பில், 2000 பிப்ரவரி 29 அன்று ஓர் ஆறு வயதுச் சிறுவன் தன் வகுப்புத் தோழியைப் பள்ளியிலேயே சுட்டுக் கொன்றான். அவளுக்கும் ஆறு வயது. அவன் தங்கியிருந்த வீட்டில் எடுத்த .32 கைத்துப்பாக்கி, எங்கோ திருடு போனது. அதை வைத்திருந்த 19 வயது இளைஞருக்கு உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காக 2 முதல் 15 ஆண்டு தண்டனை. சிறுவன் மேல் வழக்கே போடவில்லை, போடவும் முடியாது. அந்தக் குழந்தை இறந்த பிறகு பூட்டுச் சட்டம் வர 23 ஆண்டுகள் ஆனதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் நடந்ததும் இதே பாதையில்தான். ஆறு வயதுச் சிறுவன் வகுப்பறையில் ஆசிரியை அபிகெயில் ஸ்வெர்னரைச் சுட்டான், அவர் பிழைத்தார். துப்பாக்கி தாயுடையது, கடையில் வாங்கியது. பூட்டி உயரத்தில் வைத்திருந்ததாக அவர் தரப்பில் சொன்னார்கள். பூட்டு எதுவும் கிடைக்கவில்லை. இழுப்பறை மேல் ஏறி, அலமாரி மேலிருந்த அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்தேன் என்று சிறுவன் சொன்னான். தாய் கஞ்சா பழக்கம் உள்ளவர். தண்டனை பெற்றவருக்குத் தடை போடும் கூட்டாட்சிச் சட்டத்தின் அதே 922-ம் பிரிவில் போதைப் பழக்கம் உள்ளவருக்கும் தடை இருக்கிறது, படிவத்தில் அதை மறைத்திருந்தார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் 21 மாதம், குழந்தையைக் கவனிக்காமல் விட்டதற்காக மாநில நீதிமன்றத்தில் 2 ஆண்டு. தடைப்பட்டவர்கள் என்றால் கொள்ளையர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். குடும்ப வன்முறை வழக்கில் சிறு குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

தடை இருந்தும் துப்பாக்கி எப்படிக் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். உரிமம் பெற்ற கடையில் 1998 முதல் கணினி வழிப் பின்னணிச் சோதனை உண்டு. தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது கூட்டாட்சிச் சட்டம் சோதனை கேட்பதில்லை. மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. குற்றம் செய்தபோது துப்பாக்கி வைத்திருந்த சிறைக் கைதிகளிடம் நீதித்துறைப் புள்ளியியல் அமைப்பு 2016-ல் கேட்டபோது, 43 சதவீதம் பேர் தெருவில், கள்ளச் சந்தையில் கிடைத்தது என்றார்கள். 25 சதவீதம் பேருக்குக் குடும்பத்தாரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ வந்திருக்கிறது. தானே திருடியவர்கள் 6 சதவீதம்தான். துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

அந்தத் தெருச் சந்தைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? 2017 முதல் 2021 வரை திருடு போனதாகப் புகார் செய்யப்பட்ட துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கு மேல், அநேகமாக எல்லாமே தனி மனிதர்களிடமிருந்து. காரின் முன்பெட்டியிலும் படுக்கையறை இழுப்பறையிலும் பூட்டாமல் விட்டவை அதில் ஏராளம். ஒரு வீட்டில் மாட்டாத பூட்டு, இன்னொரு ஊரில் தடை உள்ள ஒருவர் கைக்குத் துப்பாக்கியைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. மவுன்ட் மோரிஸ் சிறுவன் கைக்கு வந்ததும் ஒரு திருட்டுத் துப்பாக்கிதானே.

"எங்கள் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், தொட மாட்டான்" என்பார்கள். இதை நான் கேட்காத குடும்பம் இல்லை. 2001-ல் அட்லான்டாவில் மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 8 முதல் 12 வயதுள்ள 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் உண்மையான ஆனால் தோட்டா இல்லாத கைத்துப்பாக்கியை வைத்து, மறைவிலிருந்து பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் 48 பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். அப்படி எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். அலபாமாவில் 2006-ல் வந்த இன்னோர் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் இடத்தைச் சரியாகச் சொன்னார்கள்.

சின்னக் குழந்தைக்கு விசையை இழுக்க வலு இருக்காது என்பதும் தவறு. சிறு விரல் எட்டாதபோது குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் விசையைத் தள்ளும். அப்போது குழல் அதன் முகத்தைப் பார்த்து இருக்கும். ஃபிளின்ட் குழந்தை போன்ற இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் தங்களையே சுட்டுக்கொள்வதன் காரணம் இதுதான்.

நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003 முதல் 2021 வரையிலான பதிவுகளில் 17 வயது வரையிலான பிள்ளைகள் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்த 1,262 சம்பவங்களை ஆராய்ந்தது. எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தவற்றில் நான்கில் மூன்று துப்பாக்கிகள் பூட்டாமலும், ஏறத்தாழ அதே அளவு தோட்டாவோடும் இருந்தவை. அதிகம் எடுக்கப்பட்ட இடம் படுக்கையை ஒட்டிய மேசையும் தலையணைப் பக்கமும். மூன்றில் இரண்டு பங்கு சம்பவங்களில், சுட்டவர் அதை வைத்து விளையாடிக் கொண்டிருந்தார் அல்லது மற்றவருக்குக் காட்டிக் கொண்டிருந்தார். தோழிக்குக் காட்டுவது! உங்கள் மகள் அதைப் பார்த்ததும் அப்படித்தானா என்று நிதானமாக, திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து அடுத்த அடி மாறும்.

பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் விபத்தைவிடப் பெரிய பயம் தற்கொலை. மனம் உடைந்த ஒரு மாலை நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. பூட்டுவது, தோட்டாவை எடுத்துவிடுவது, தோட்டாவையும் தனியாகப் பூட்டுவது இவை ஒவ்வொன்றுமே ஆபத்தைக் குறைக்கின்றன என்று 2005-ல் வந்த ஆய்வு காட்டியது. குழந்தை மருத்துவர் கழகமும் இதையே சொல்கிறது. துப்பாக்கியே இல்லாத வீடுதான் மிகப் பாதுகாப்பானது என்பதையும் சேர்த்துத்தான்.

பூட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. கேபிள் பூட்டு மலிவு, பல போலீஸ் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, கம்பியைத் துப்பாக்கியின் உள்வழியே கோத்துப் பூட்ட வேண்டும். குழந்தையிடமிருந்து காக்க இது போதும். திருடனிடமிருந்து காக்காது, துப்பாக்கியோடு சேர்த்தே எடுத்துப் போய்விடுவான். விசைப் பூட்டைத் தோட்டா உள்ளே இருக்கும்போது மாட்டவே கூடாது, மாட்டும்போதே வெடிக்கலாம். தரையிலோ சுவரிலோ திருகி இறுக்கிய இரும்புப் பெட்டிதான் இரண்டுக்கும் சரி. இரவில் அவசரத்துக்கு வேண்டும் என்பவர்களுக்கு, சில நொடிகளில் திறக்கும் எண்பலகைச் சிறு பெட்டிகள் இருக்கின்றன. "பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் உதவாது" என்ற வாதத்துக்கு அது நியாயமான பதில் என்பது என் கருத்து.

இனி தோழியின் அம்மாவிடம் எப்படிப் பேசுவது. கணவர் இல்லாத நேரத்தில், பழி சொல்லாத குரலில் பேசுங்கள். மகள் சொன்னதைச் சொல்லுங்கள், உங்கள் பயம் குழந்தைகளைப் பற்றியது என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லுங்கள்: அவர் பெயரில் இருந்தாலும் கணவர் சிறை போகக்கூடும், அவரும் மாட்டக்கூடும், வீட்டில் தவறு நடந்தால் பூட்டுச் சட்டமும் சேரும். அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியேறுவதுதான் அந்தக் குடும்பத்துக்கு நல்லது. கணவர் அதைத் தொடக் கூடாது, எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போகவும் கூடாது. தூக்கிச் செல்வதே குற்றமாகும். மனைவியுடையது என்றால் மனைவியே தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி, உரிமம் உள்ள கடையில் விற்கலாம். அது கணவர் வாங்கியதாக இருந்தால் முதலில் வழக்கறிஞர். ஒப்படைப்பதை அவர் வழியாகச் செய்ய முடியும். தடைப்பட்ட ஒருவர் தன் துப்பாக்கிகளை வேறொருவருக்கு மாற்றிவிட நீதிமன்றம் அனுமதிக்கலாம், அவற்றின் மேல் அவருக்கு இனி எந்தப் பிடியும் இருக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றமே ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது.

பேசியும் ஒன்றும் மாறவில்லை என்றால், அல்லது குழந்தைகள் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்றால், அல்லது அந்த வீட்டில் மிரட்டல், அடிதடி இருப்பதாகத் தெரிந்தால், தயங்காமல் போலீசுக்கோ குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ சொல்லுங்கள். குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் தகவல் தந்தவர் யார் என்பதை ரகசியமாக வைக்க மிச்சிகன் சட்டம் இருக்கிறது. மனைவி பயந்து வாழ்கிறார் என்று பட்டால், பேச்சோடு நிறுத்தி, அவருக்குப் பாதுகாப்பான வழி என்ன என்பதை முதலில் யோசியுங்கள். ஆபத்தான ஒருவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யும் முறையும் 2024 முதல் மிச்சிகனில் உண்டு. குடும்பத்தார், மருத்துவர், போலீஸ் ஆகியோர் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் நேரடியாகக் கேட்க முடியாது. சிறை சென்று மீண்டு வாழும் ஒரு மனிதரை மறுபடி சிறைக்கு அனுப்புகிறோமே என்ற உறுத்தல் உங்களுக்கு வரும், வர வேண்டும். அதனால்தான் முதலில் பேசச் சொல்கிறேன். ஆனால் பேச்சு தோற்றால் குழந்தைகள் பக்கம்தான் நிற்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் வாங்கலாமா என்பது. உங்கள் கணவர் எச்-1பி வேலை விசா, நீங்கள் அவரைச் சார்ந்த எச்-4 விசா என்று எழுதியிருக்கிறீர்கள். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அதே 922(ஜி) பிரிவு தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதுகூட உரிமம் இல்லாமல் செய்தால் தவறுதான். நம்மவர்கள் பலர் படம் எடுத்துப் போட்டு மகிழும் விஷயம் இது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கே அப்படித் தொடங்கியதுதான். மாணவர் விசாவில் வந்தவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் அந்தஸ்தை இழந்தவர், ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டார், கைதானார். தான் தடைப்பட்ட வகையில் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகு உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கிரீன் கார்டு வந்தபின் வாங்குவது உங்கள் உரிமை. அப்படி வாங்கினால், பெட்டியைத் தரையில் திருகிய பிறகே துப்பாக்கி வீட்டுக்குள் வரட்டும். அந்தத் தோழி உங்கள் வீட்டுக்கு விளையாட வரும்போது அவளும் மிச்சிகன் சட்டம் சொல்லும் குழந்தைதான்.